உரோமாபுரியின் அயலவர் உணவுச்சாலை

ஒரு நகரத்தின் பெருமையை அறிய விழைவோர் அதன் ஆலயங்களையும் அரண்மனைகளையும் வெற்றி வளைவுகளையும் சென்று காண்பர். உரோமாபுரியில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும், அந்நகரத்து உழைப்பாளி மக்கள் எதனை உண்டு பசியாறினர், வேலை முடிந்த மாலைப்பொழுதில் எங்கே கூடியிருந்து உரையாடினர் என்னும் வினாக்களுக்கு அவ்வளைவுகள் விடை பகரமாட்டா. விடை வேண்டுவோர் பெருவீதியை விட்டு விலகிக் குறுந்தெரு ஒன்றினுள் நுழைதல் வேண்டும். அங்கே ஒரு மூலை வீட்டின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு மேசைகள் கொண்ட சாப்பாட்டுக்கடை ஒன்று இருக்கும். மேசையின்மேல் வெறுந்தாள் விரிப்பு; குவளையிலே நாட்டு முந்திரிகை மது; உள்ளே அடுப்படியிலிருந்து வெங்காயமும் தக்காளியும் வதங்கும் மணம். இத்தகைய கடையை இத்தாலியர் 'திராத்தொரியா' என்பர்.

இத்தாலியில் உண்டிச்சாலையைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் மிகப் பழையது 'ஒஸ்தெரியா' என்பது. விருந்தினனை ஏற்பவன் என்னும் பொருள்தரும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. ஒஸ்தெரியா முதலில் மது விற்கும் இடமாகவே இருந்தது. அங்கு வருவோர் தத்தம் வீட்டிலிருந்து உணவை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, மதுவை மாத்திரம் வாங்கி, மேசையில் அமர்ந்து உண்பர். இவர்களை உரோமர் 'மூட்டைக்காரர்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மதுவை அளப்பதில் கடைக்காரர் செய்த சூழ்ச்சிகளும் அக்காலத்தில் பலவாம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிசெய்த பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ், அளவைக் கண்ணாற் காணும்படி கண்ணாடிக் குவளைகளிலேயே மது வழங்கப்படல் வேண்டும் என ஒழுங்கு செய்தார் என்பர். காலப்போக்கில் கடைக்காரரின் மனைவி ஒரு பானை அவரைக் கஞ்சியோ ஒரு சட்டிக் குழம்போ சமைத்து வைக்கத் தொடங்கினாள். மதுக்கடை உணவுக்கடையும் ஆயிற்று. உணவு சமைத்து வழங்குபவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து வந்த 'திராத்தொரியா' என்னும் பெயர், முறையாகச் சமைத்த உணவை விற்கும் இத்தகைய எளிய கடைக்கு வழங்கலாயிற்று. வெள்ளை விரிப்பும் சீருடைப் பணியாளரும் கொண்ட 'ரிஸ்தொராந்தே' இதனின் வேறானது.

திராத்தொரியாவின் இலக்கணம் யாதெனின், அது ஒரு குடும்பத்தின் வீடு தெருவை நோக்கித் திறந்து வைக்கப்பட்டது போன்றது எனலாம். தந்தை வாயிலில் நின்று வருவோரை வரவேற்பார். தாயோ பாட்டியோ அடுப்படியில் இருப்பார். பிள்ளைகள் தட்டுகளை ஏந்திச் செல்வர். பல கடைகளிலே உணவுப் பட்டியல் அச்சிடப்படுவதில்லை. அன்று சந்தையில் எது நன்றாகக் கிடைத்ததோ அதுவே அன்றைய உணவு. அதனைக் கடைக்காரர் வாயினாற் சொல்லுவார். நாள்தோறும் வரும் முதியவர் ஒருவருக்கு எந்த மேசை, எவ்வளவு உப்பு, எத்துணை மது என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்கும். அவர் இரண்டு நாள் வராதிருந்தால், 'அவருக்கு என்ன நேர்ந்தது?' என்று விசாரிக்க ஒருவர் எழுந்து செல்வர். உணவைப் போலவே இவ்வுறவுக்காகவும் அயலவர் அக்கடையை நேசிக்கின்றனர்.

இத்தகைய கடைகளுக்குப் பேர்போன பகுதிகளுள் ஒன்று உரோமாபுரியின் தென்பால், தைபர் ஆற்றின் கரையில் அமைந்த தெஸ்தாச்சோ ஆகும். அப்பெயரின் வரலாறே உணவோடு தொடர்புடையது. பண்டைய உரோமப் பேரரசுக் காலத்தில் ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் பெரிய மட்சாடிகளில் நிரப்பப்பட்டு ஆற்றுத்துறைக்கு வந்து சேர்ந்தது. எண்ணெய் ஊறிய சாடி விரைவில் சிக்குநாற்றம் பிடிக்குமாதலால் அதனை மீளப் பயன்படுத்தல் இயலாது. ஆகவே அவற்றை உடைத்து ஓரிடத்தில் அடுக்கினர். அவ்வாறு அடுக்கிய ஓடுகள் இன்று ஏறத்தாழ 35 மீற்றர் உயரமான குன்றாக நிற்கின்றன. ஓட்டுக் குன்று என்னும் பொருள்படவே அவ்விடம் தெஸ்தாச்சோ எனப்பட்டது. ஓடுகளினிடையே காற்று ஊடாடுவதால் அக்குன்றின் உட்பகுதி கோடையிலும் குளிர்ந்திருக்கும். இதனை அறிந்த பிற்காலத்து மது வணிகர் குன்றின் அடிவாரத்தைக் குடைந்து மதுக்கிடங்குகள் அமைத்தனர். கிடங்குகளின் வாயிலில் ஒஸ்தெரியாக்கள் எழுந்தன.

1871 இல் உரோமாபுரி ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகராயிற்று. நகரம் விரைந்து பெருகியது. பெருகிய மக்களுக்கு இறைச்சி வழங்குதற்பொருட்டுத் தெஸ்தாச்சோவில் 1888 ஆம் ஆண்டு முதல் 1891 ஆம் ஆண்டு வரையில் பெரியதொரு இறைச்சித் தொழுவம் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜோவாக்கினோ எர்சோக் என்பவர் அதனை வகுத்தார். அதனைச் சூழ்ந்து தொழிலாளர் குடியிருப்புகள் தோன்றின. தொழுவத்திலே தோலுரிக்கும் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதி பணமாகவும், மற்றொரு பகுதி எவரும் விரும்பாத உறுப்புகளாகவும் கொடுக்கப்பட்டது. கொன்ற விலங்கின் உடலை நான்கு கால் பங்குகளாக வெட்டிச் செல்வர்க்கும் வணிகர்க்கும் விற்பர். எஞ்சுபவை வால், குடல், இரைப்பை, ஈரல், நாக்கு முதலானவை. நான்கு காற்பங்குகளுள் அடங்காத இவ்வெச்சத்தை உரோமர் 'ஐந்தாவது காற்பங்கு' என்றனர். ஒரு முழுமையில் ஐந்தாவது காற்பங்கு இருத்தல் இயலாதென்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் வறியவருடைய கணக்கில் அது இருந்தது; அதைக் கொண்டே அவர்கள் வாழ்ந்தனர்.

தொழிலாளர் தமக்குக் கிடைத்தவற்றை அயலிலுள்ள ஒஸ்தெரியாவுக்குக் கொண்டுசென்று, சமைத்துத் தரும்படி கேட்டனர். அடுப்படிப் பெண்கள் அவற்றை உண்ணத்தக்கனவாக மாற்றும் வழியைக் கண்டனர். இவ்வாறு தோன்றியவற்றுள் தலையாயது வாற்குழம்பு. மாட்டிறைச்சியை விலக்கும் நேயர்களுக்கு இவ்வுணவு ஒவ்வாததெனினும், அதன் சமையல் நுட்பம் அறியத்தக்கதே. வால் எலும்பும் தசைநாரும் மிகுந்த உறுப்பு. விரைந்து சமைத்தால் அது தோல்போல் இறுகும். ஆனால் வெங்காயம், மது, தக்காளி ஆகியவற்றுடன் மெல்லிய தணலில் மூன்று நான்கு மணி நேரம் வேகவைத்தால், நாரிலுள்ள கொலாஜென் என்னும் புரதம் கரைந்து கூழ்ப்பதமாகிக் குழம்புக்குத் திண்மை தருகிறது. இறுதியிலே ஏராளமான செலரித் தண்டுகள் சேர்க்கப்படும். சிலர் முந்திரிகை வற்றலும் பைன் விதையும் சிறிது கசப்புக் கொக்கோவும் சேர்ப்பர். பணமில்லாதவரிடம் காலமும் தணலும் இருந்தன. அவ்விரண்டையுமே அவர்கள் சுவையாக மாற்றினர். 1887 என்னும் ஆண்டைத் தன் பெயரிலேயே தாங்கிய 'கெக்கீனோ' என்னும் உணவுச்சாலை, அத்தொழுவத்துக்கு எதிரே ஓட்டுக் குன்றின் அடிவாரத்தில் அமைந்து, இவ்வாற்குழம்பால் புகழ்பெற்றது.

திராத்தொரியாவின் சமையல் கிழமையின் நாள்களை ஒட்டி நடப்பது. வியாழக்கிழமை 'ஞொக்கி', வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை இரைப்பை என்பது உரோமருடைய பழமொழி போன்ற வழக்கு. இவ்வொழுங்கு காரணமின்றி ஏற்பட்டதன்று. வெள்ளிக்கிழமை கத்தோலிக்க மக்கள் இறைச்சி விலக்கும் நாள். அதற்கு முதல் நாள் வயிறு நிறையும் உணவு வேண்டுமன்றோ? ஆகவே வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டைகளாகிய ஞொக்கி. வெள்ளியன்று உப்பிட்டு உலர்த்திய கொட் மீனும் கொண்டைக்கடலைக் கஞ்சியும். ஞாயிறு விருந்துக்காகச் சனிக்கிழமை விலங்குகள் வெட்டப்படும். நல்ல இறைச்சி செல்வர் வீடுகளுக்குச் செல்ல, இரைப்பை அன்றே மலிவாகக் கிடைக்கும். அதனைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்து, ஒருவகைக் காட்டுப் புதினாவும் செம்மறியாட்டுப் பாற்கட்டித் துருவலும் தூவி உண்பர். சமயமும் சந்தையும் வறுமையும் சேர்ந்து வகுத்த நாட்காட்டி இது.

ஞொக்கி செய்வது எளிது போலத் தோன்றும். உருளைக்கிழங்கை அவித்துச் சூட்டோடு மசித்து, சிறிதளவு கோதுமை மா கூட்டிப் பிசைந்து, விரலளவு துண்டுகளாக வெட்டிக் கொதிநீரில் இட்டால், வெந்தவை தாமாக மேலே மிதந்து வரும். ஆனால் மா சற்றே கூடினும் உருண்டை இறுகிப்போம். குறைந்தால் நீரிலே கரைந்துபோம். நீர்ச்சத்துக் குறைந்த முதிர்ந்த கிழங்கையே தெரிந்தெடுத்தல் வேண்டும். எவ்வளவு மா என்பதற்குத் திட்டமான அளவு இல்லை. கிழங்கைத் தொட்டுப் பார்க்கும் கையே அதனைத் தீர்மானிக்கும். இத்தாலியச் சமையற் குறிப்புகளில் உப்புக்கும் எண்ணெய்க்கும் எதிரே 'போதியளவு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளை மாத்திரம் எழுதிவிடுவது வழக்கம். எது போதியது என்பதைத் தாயின் அருகே நின்று பார்த்தே மகள் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

உரோமருடைய மற்றோர் உணவு தமிழ்நிலத்தோடு பழந்தொடர்பை நினைவூட்டுவது. கோதுமை ரவையாற் செய்த நீண்ட இழைகளை அவித்து, செம்மறியாட்டுப் பாற்கட்டித் துருவலும் இடித்த மிளகும் மாத்திரம் கூட்டிப் பிசிறி உண்பர். பாற்கட்டியும் மிளகும் என்பதே அவ்வுணவின் பெயர். நெடுநாள் கெடாத பொருள்கள் ஆதலால் மலையிலே மந்தை மேய்த்த இடையர்கள் இவற்றைத் தம்முடன் கொண்டு சென்றனர் என்பர். மிளகு உரோமருக்குக் கிடைத்தது சேரநாட்டுக் கரையிலிருந்து. யவனர் பொன்னைக் கொடுத்து முசிறித் துறையில் மிளகு கொண்டு சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பில்லாத இப்பொருளை மக்கள் ஏன் இத்துணை விரும்புகின்றனர் என்று வியந்து எழுதினார். அன்று செல்வரின் மேசைக்குரியதாயிருந்த மிளகு பிற்காலத்தில் எளியோரின் தட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வுணவிலும் ஒரு நுட்பம் உண்டு. பாற்கட்டியைச் சூடான நீரில் நேரே இட்டால் அதன் புரதம் திரண்டு கட்டிகட்டியாய்ப் பிரிந்துவிடும். இழைகளை அவித்த நீரில் மாச்சத்துக் கலந்திருக்கிறது. அந்நீரைச் சற்று ஆறவிட்டுச் சேர்த்தால் மாச்சத்துப் புரதங்களைத் திரளவிடாது தடுக்க, பாலேடு போன்ற குழைவு உண்டாகும். இத்தாலிய இயற்பியலாளர் சிலர் இதனை ஆராய்ந்து 2025 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாற்கட்டியின் எடைக்கு நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மாச்சத்து இருத்தல் வேண்டுமென்றும், நூற்றுக்கு ஒன்றிலும் குறையின் கட்டிபடும் என்றும் அவர்கள் கண்டனர். அடுப்படிப் பாட்டிமார் இவ்விகிதத்தை அறியார். ஆயினும் அகப்பையால் அள்ளும் நீரின் கலங்கல் நிறத்தைக் கொண்டே அதனைத் தவறாது கணித்து வந்தனர்.

வீட்டுச் சமையலை நூலாக்கிய பெருமை பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவருக்கு உரியது. பட்டு வணிகராயிருந்து ஓய்வுபெற்ற அவர், தமது எழுபத்தோராம் வயதில், 1891 ஆம் ஆண்டிலே, புளோரன்ஸ் நகரில் ஒரு சமையல் நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 குறிப்புகள் இருந்தன. நாட்டின் பல பாகங்களிலுமிருந்து பெண்கள் கடிதம் எழுதித் தத்தம் வீட்டு முறைகளை அறிவிக்க, நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து 790 குறிப்புகளை எட்டியது. அரசியலில் 1861 இல் ஒன்றுபட்ட இத்தாலி, சமையலறையில் இந்நூலாலேயே ஒன்றுபடலாயிற்று என்று அறிஞர் கூறுவர். அந்நூலின் குறிப்புகளை அடுப்பிலே பன்முறை செய்து பார்த்தவர்கள் மரியெத்தா சபத்தீனி என்னும் பெண்மணியும் பிரான்செஸ்கோ ரூபில்லி என்னும் சமையற்காரரும் ஆவர். அர்த்தூசி இறக்கும்போது நூலின் உரிமையை அவ்விருவருக்கும் எழுதிவைத்தார். சமைத்தவருக்கு உரியதைச் சமைத்தவருக்கே கொடுத்த இச்செயல் அரியது. எண்ணற்ற திராத்தொரியாக்களின் பெயர்ப்பலகையில் ஆண்களின் பெயரே உள்ளது. அதிகாலையில் எழுந்து கிழங்கை அவித்து, நள்ளிரவில் சட்டியைக் கழுவிய பெண்களின் பெயர் எப்பலகையிலும் இல்லை. 'பாட்டியின் கைப்பக்குவம்' என்று புகழ்பவர்கள், அப்பாட்டிக்கு ஓய்வுநாள் இருந்ததா என்பதையும் கேட்டல் நன்று.

தெஸ்தாச்சோவின் தொழுவம் 1975 இல் மூடப்பட்டது. அதன் கட்டடங்கள் பிற்காலத்தில் கலைக்கூடங்களாகவும் பல்கலைக்கழக வகுப்பறைகளாகவும் மாறின. தோலுரித்த தொழிலாளர் மறைந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடுகளின் வாடகை உயர்ந்தது. வறியவரின் ஐந்தாவது காற்பங்கு இப்பொழுது தூரதேசத்துச் சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டியே இடம் பதிவுசெய்து உண்ணும் அரும்பண்டமாயிற்று. கடைக்காரரின் பிள்ளைகளிற் பலர் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் அடுப்படியில் நின்ற தாயைக் கண்டு வளர்ந்த மகள் அத்தொழிலை விரும்பாதிருப்பின், அவளைக் குறைகூறல் தகுமோ?

இம்மாற்றத்தை இத்தாலியர் வாளாவிருந்து பார்க்கவில்லை. 1986 இல் உரோமாபுரியின் புகழ்மிக்க ஸ்பானியச் சதுக்கத்தருகே மக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் விரைவுணவுச் சாலையைத் திறந்தபொழுது பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் கிண்ணங்களில் இத்தாலிய உணவை ஏந்திக்கொண்டு வீதிக்கு வந்தனர். பியெமொந்தே மாநிலத்தின் பிரா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி என்னும் பத்திரிகையாளர் தலைமையில், விரைவுணவுக்கு மாறாக 'மெல்லுணவு' என்னும் இயக்கம் வளர்ந்தது. 1989 இல் பாரிஸ் நகரில் பல நாட்டவர் கூடி அதன் கொள்கை விளக்கத்தில் கையொப்பமிட்டனர். நத்தையே அதன் சின்னம். 1990 இல் அவ்வியக்கத்தார் நாடெங்குமுள்ள ஒஸ்தெரியாக்களைத் தேடி ஆராய்ந்து வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டனர். அணிகலன் பூண்ட பெருவிடுதிகளையே போற்றிவந்த வழிகாட்டிகளின் நடுவே, தாள் விரித்த மேசைக்கும் மதிப்பளித்த நூல் அது.

உணவு ஒரு மக்கட் கூட்டத்தை எவ்வாறு பிணைக்கும் என்பதற்கு 2016 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு ஆகத்து மாதம் 24 ஆம் நாள் நடு இத்தாலியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் அமத்திரீச்சே என்னும் மலையூர் இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் உயிரிழந்தனர். அவ்வூரின் பெயரால் வழங்கும் தக்காளிக் குழம்பு உரோமாபுரியின் எல்லாத் திராத்தொரியாக்களிலும் நாள்தோறும் சமைக்கப்படுவது. துயரச் செய்தி பரவிய அன்றே ஓர் ஏற்பாடு தோன்றியது. அவ்வுணவின் ஒவ்வொரு தட்டுக்கும் உண்பவர் ஒரு யூரோவும் கடைக்காரர் ஒரு யூரோவும் கொடுத்து உதவுதல் என்பதே அது. நூற்றுக்கணக்கான கடைகள் அதிற் சேர்ந்தன. இடிந்துபோன ஓர் ஊர் தன் குழம்பின் பெயராலே உதவி பெற்றது.

இனி, வினவத்தக்கது ஒன்றுண்டு. சமைத்தவரும் உண்டவரும் மறைந்த பின்னர் அவ்வுணவு மாத்திரம் வாழுமா? செய்முறையை நூலில் எழுதிவைக்கலாம். மாச்சத்தின் விகிதத்தை ஆய்வுகூடத்தில் அளந்துவிடலாம். ஆனால் வியாழக்கிழமை ஏன் ஞொக்கி என்பது, வெள்ளிக்கிழமை விரதமும் சனிக்கிழமைச் சந்தையும் மறக்கப்பட்ட ஊரில் வெறும் விளம்பரமாகிவிடும். மறுபுறத்தில், பழைமை வேண்டுமென்பதற்காக வறுமையையும் பெண்களின் ஓயாத உழைப்பையும் திரும்ப அழைத்தலும் தகாது. சில இளந்தலைமுறையினர் இவ்விரண்டுக்கும் இடையே வழி தேடுகின்றனர். அவர்கள் கிழமையில் இரு நாள் கடையை மூடுகின்றனர். அடுப்படி வேலையைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்கின்றனர். அயலிலுள்ள தோட்டக்காரரிடம் நேரே மரக்கறி வாங்குகின்றனர். உணவின் விலை சற்றுக் கூடியதாயினும் நாள்தோறும் வரும் முதியவருக்கு அரைத்தட்டு உணவை அரை விலைக்கே கொடுப்போரும் உளர்.

திராத்தொரியாவில் உணவு முடியும் தறுவாயில் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் எஞ்சிய குழம்பைச் சிறு பாண் துண்டினாலே துடைத்து உண்பர். 'சிறு பாதணி' செய்தல் என்று அதனை வேடிக்கையாகக் கூறுவர். பெருவிடுதியில் அவ்வாறு செய்தல் நாகரிகக் குறைவெனப்படும். அயலவர் உணவுச்சாலையிலோ, துடைத்து வெறுமையான தட்டு அடுப்படிக்குத் திரும்புவதைக் கண்டே உள்ளிருக்கும் பெண்மணி தன் சமையல் நன்றாயிருந்தது என்பதை அறிந்துகொள்வாள். அவளிடம் எவரும் வந்து புகழ்ந்துரைக்க வேண்டியதில்லை.